பிரஷர் கேஜில் வைத்த பொட்டு

அணுவைப் பிளப்பதற்குப் பதிலாக இரண்டு அணுக்களை ஒன்றாகச் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம், அதற்கு இன்னும் இருபது வருஷம்தான் என்று நான் முதன்முதலில் கேட்டது தேனியில், ஒரு நூல் மில்லின் கேண்டீனில், சுண்டல் வாசனைக்கு நடுவே. எழுபதுகளின் தொடக்கம் அது. சொன்னவர் மில்லின் நிர்வாக இயக்குநர். எல்லோருக்கும் எம்.டி.; தொழிலாளிகளுக்கு மட்டும் மொதலாளி. அதே வாக்கியத்தை அவர் வாயிலிருந்து பன்னிரண்டு ஆயுத பூஜைகளில் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு வயது ஏறியதே தவிர, அந்த இருபது குறையவில்லை. பேசியவர் ஓய்வு பெற்று, கேட்டவர்கள் மறந்து, யாரும் யாரையும் பிடித்து 'என்ன ஆச்சு' என்று விசாரிக்க முடியாமல் போகிற தூரம் இருபது வருஷம். இயற்பியலில் இந்த எண்ணுக்கு ஆதாரம் கிடையாது. நிர்வாகத்தில் உண்டு.

இயற்பியலோடு எனக்குச் சண்டை இல்லை. அணுக்கள் சேர்ந்தால் சக்தி வரும் என்பது சரியான கணக்குதான். சூரியன் தினமும் அதைத்தான் செய்கிறது. அந்தச் சூரியன் கடலிலிருந்து தூக்கிய தண்ணீர்தான் கூடலூருக்கு மேலே மழையாக விழுந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் குழாய் வழியாக இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. ஆக, கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் ஏற்கெனவே அந்த மின்சாரத்தில்தான் விளக்கெரித்துக்கொண்டிருந்தோம். உலை மட்டும் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எங்கள் எம்.டி. போன்றவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் அது இருப்பதே நல்லது என்பது என் தொழில்முறைக் கருத்து. இந்தக் கருத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் அந்த மில்லின் இன்ஜினியர். மோட்டார்கள், பம்புகள், ஜெனரேட்டர், சாயப்பட்டறைக்கு நீராவி கொடுக்கும் பாய்லர் எல்லாம் என் பொறுப்பு. விதிப் புத்தகங்களை நான் மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோலப் படிப்பவன். எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுக்கவேண்டும், எந்தப் பிரதி எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதனால் மில்லில் எனக்கு மரியாதை இருந்தது, நண்பர்கள் இல்லை.

பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஃபயர்மேன் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனிதர், மூன்று முறை மதுரைக்குப் போய்த் தேர்வு எழுதி, பாய்லர் நடத்துவதற்கான அரசுச் சான்றிதழை வாங்கியிருந்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, புகை படாத சுவராகப் பார்த்து, பாய்லர் அறையிலேயே மாட்டியிருந்தார். அந்தக் காகிதம் இல்லாதவர் பாய்லருக்கு நெருப்புப் போடக் கூடாது என்பது சட்டம். அவர் புராட்டஸ்டண்ட், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டை மட்டும் வாங்கமாட்டார், கோயிலுக்குப் போகவேண்டும் என்பார்; சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வார்.

பாய்லரின் தலையில் சேஃப்டி வால்வு என்று ஒன்று உண்டு. அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் அது தானே திறந்து, பெரும் சத்தத்தோடு நீராவியை வெளியே விட்டுவிடும். எங்கள் வால்வு ஆண்டுச் சோதனையில் தேறியதுதான். பிறகு லேசாகக் கசிய ஆரம்பித்தது. விறகு வீணாகிறது என்று மில் மேனேஜர் கவலைப்பட்டார். நான் இரண்டு நாள் லீவில் போன சமயம் பார்த்து, ஃபிட்டரை விட்டு அதன் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார்கள். கசிவு நின்றது. இறுக்கிய வால்வுக்குள் எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் காரை கட்டிவிட்டால் அது திறக்கவே திறக்காது, உடனே மாற்ற வேண்டும் என்று எழுதினேன். மூன்று முறை எழுதினேன். மூன்றும் எம்.டி.யின் பச்சை மையோடு திரும்பி வந்தன: வருடாந்திர நிறுத்தத்தின்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கடிதம் திரும்புவதற்கு ஒரு மாதம் ஆனது. அவர் ஐரோப்பாவில் எரிசக்தியின் எதிர்காலம் பற்றிய மாநாட்டில் இருந்தார்.

திரும்பி வந்தவர் நேராக ஆயுத பூஜைக்கு வந்தார். மதுரையிலிருந்து அம்பாசடர் கார், வெள்ளை சஃபாரி சூட், தேனி ஸ்டூடியோவிலிருந்து ஒரு போட்டோக்காரர். இயந்திரங்களுக்கு முதல் பொட்டு எம்.டி. கையால்தான் வைக்கப்படும், பாய்லர் மில்லின் இதயம் என்பதால் அதிலிருந்து தொடங்குவார். பாய்லர் அன்று அணைந்திருந்தது. நெருப்புக் கதவில் வைக்கக் குனிந்தவரைப் போட்டோக்காரர் தடுத்தார்.

"சார், குனிஞ்சா வழுக்கைதான் விழும். அந்தக் கடிகாரத்துல வைங்க, மூஞ்சி தெளிவா வரும்."

அவர் கடிகாரம் என்றது பிரஷர் கேஜை. பாய்லருக்குள் எவ்வளவு அழுத்தம் என்று ஊசி காட்டும் வட்டமான கண்ணாடி முகம். நாங்கள் நூறு பவுண்டில் வேலை செய்வோம். நூற்றிருபதில் சிவப்புக் கோடு. அதைத் தாண்டக் கூடாது. எம்.டி. சந்தனத்தை அள்ளி, நூற்றுப் பத்திலிருந்து நூற்று நாற்பது வரைக்கும் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்து, விரலை எடுக்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஃபயர்மேன் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றிருந்தார். பூஜையின்போது அவர் உள்ளே வருவதில்லை. நான் உள்ளேதான் இருந்தேன். சந்தனத் தாம்பாளத்தைப் பிடித்திருந்தது என் கைதான்.

பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை என்பது மில் வழக்கம். அது தானாக உதிரவேண்டும். நூற்பு இயந்திரங்களில் இரண்டு நாளில் பஞ்சுத் தூசி அதைத் தின்றுவிடும். பாய்லரின் சூட்டில் அது ஓடு மாதிரி வெந்து இறுகிவிட்டது.

அன்று மாலை கேண்டீனில் ஸ்லைடு காட்டினார். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, சுவரில் வேட்டி தொங்கவிட்டு, ஐரோப்பாவில் பார்த்த இயந்திரத்தின் படத்தைப் போட்டார். உளுந்து வடை வடிவத்தில் ஒரு பெரிய இரும்புக் கூடு. அதற்குள் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தைக் காந்தத்தால் தொங்கவிட்டு வைப்பார்களாம், சுவரைத் தொடாமல். முல்லையாற்றுத் தண்ணீர் ஒரு டம்ளர் போதும், தேனி முழுக்க ஒரு வருஷத்துக்கு விளக்கெரியும் என்றார். இருபது வருஷம் என்றார். அப்போது ப்ரொஜக்டரின் சின்ன விசிறி நின்றுவிட்டது. கோடி டிகிரியைக் கட்டிப்போடும் இயந்திரத்தின் படம் ஒரு பல்பின் சூட்டில் நடுவிலே பழுப்பாகி, குமிழியிட்டு, உருகி ஓடியது. கூட்டம் கைதட்டியது. அதுதான் சூரியன் என்று நினைத்துவிட்டார்கள். எம்.டி. மறுக்கவில்லை.

ஃபயர்மேன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பூஜைச் சுண்டல் சாப்பிடமாட்டார், வடை சாப்பிடுவார்.

"அந்தக் கூட்டுக்குள்ள எம்புட்டு சூடுன்னு சொன்னாக, சார்?"

சொன்னேன்.

"அப்ப அதுக்குக் கேஜு எங்கன மாட்டுவாக? பாக்குறவன் எங்கன நிப்பான்?"

தெரியாது என்றேன். பிற்காலத்தில் இந்தத் துறை பற்றி நான் படித்த பெரிய கட்டுரைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இரண்டு கேள்விகளுக்கே வந்து நின்றன. அன்றைக்கு அந்தக் கேண்டீனில் இன்ஜினியரிங் தெரிந்த ஒருவர் இருந்தார் என்றால், அது நானும் இல்லை, மேடையில் நின்றவரும் இல்லை.

பதினோராவது நாள் மதியம். மின்வெட்டு வந்து சாயப்பட்டறையில் எல்லாத் தொட்டிகளின் நீராவியையும் ஒரே நேரத்தில் மூடினார்கள். பாய்லருக்குள் புளியங்கட்டைகள் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தன. நீராவிக்குப் போக இடமில்லை. கேஜின் ஊசி ஏறி ஏறிப் பொட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. நூற்றுப் பதினைந்தில் நிற்கிறதா, நூற்று முப்பதைத் தாண்டிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபயர்மேன் காற்றுவழியை அடைத்து, நெருப்பைக் கலைக்க ஆரம்பித்தார். அளவு மீறினால் வால்வு கத்தும் என்பது அவர் நம்பிக்கை. எந்த ஃபயர்மேனும் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். வால்வு கத்தவில்லை. தலைக்கு மேலே நீராவிக் குழாயின் ஒரு இணைப்புப் பிய்த்துக்கொண்டது. அவருடைய இடது கை, கழுத்து, காது எல்லாம் வெந்துவிட்டன. அந்த நிலையிலும் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் விழுந்தார். அவர் இழுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். என் அறை அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்.

அவரை ஜீப்பில் ஏற்றிப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு நான் செய்த முதல் காரியம், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பொட்டைத் துடைக்கப் போனது. கை பாதியில் நின்றது. பாய்லர் விபத்து நடந்தால் இன்ஸ்பெக்டர் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்பது விதி. பதினோரு நாள் துடைக்காதவனுக்கு அப்போது விதி ஞாபகம் வந்தது.

அந்தப் பதினோரு நாளும் காலை எட்டே காலுக்கு நான் அந்தக் கேஜைப் பார்த்து, நூறு பவுண்டு என்று எழுதி, லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நூறு வரைக்கும் நன்றாகத் தெரிந்தது. எனக்குச் சந்தனத்தின் மேலும் குங்குமத்தின் மேலும் பக்தி கிடையாது. சீஃப் இன்ஜினியர் பதவிக்கான என் கோப்பு எம்.டி. மேசையில் இருந்தது. அதன் மேல் பக்தி உண்டு.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுகளுக்கு நடுவே ஒரு கண்ணும் வாயும்தான் வெளியே தெரிந்தன. கையைப் பற்றி விசாரித்தேன்.

"கை கெடக்கு சார். சர்டிபிகேட்டப் புடுங்கிருவாகளா? அது போச்சுன்னா போடியில இருந்து கம்பம் வரைக்கும் எந்த மில்லுலயும் விறகு ஒடைக்கக்கூடச் சேக்க மாட்டாக."

விதியில் அதற்கு இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஃபயர்மேனின் கவனக்குறைவு என்று இன்ஸ்பெக்டர் எழுதினால் சான்றிதழ் ரத்து. நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து நிர்வாகத்தின் விரிவான அறிக்கை, அழகாக டைப் செய்து வந்தது. சட்ட அதிகாரி தயாரித்தது. விபத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று: பாய்லரைப் பார்த்துக்கொண்டவர், படிப்பறிவற்ற தொழிலாளிகளிடம் காணப்படும் மூடநம்பிக்கை காரணமாக, பூஜையின்போது கேஜின் மேல் சந்தனமும் குங்குமமும் பூசி மறைத்துவிட்டார். வால்வு என்ற சொல் அறிக்கையில் எங்குமே இல்லை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். என் கோப்பு இந்த வாரம் நகரக்கூடும் என்று மேனேஜர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் கொதித்தெழுந்து மறுத்தேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது வேறு. கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பார்வையிட்டேன்' என்று எழுதினேன். பார்வையிட்டேன் என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. அலுவலகத்தில் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நடைமுறை தெரிந்த கோழைக்குக் கிடைக்கிற சௌகரியங்கள் இவை.

விசாரணைக்கு வந்த பாய்லர் இன்ஸ்பெக்டர் போடி பாசஞ்சரில் வந்து இறங்கினார். ஸ்டேஷனுக்குப் போன மில் காரில் ஏறவில்லை; டிபன் பாக்ஸோடு நடந்தே வந்தார். விசாரணையைப் பாய்லர் அறையிலேயே வைத்துக்கொண்டார். முதலில் வால்வைக் கழற்றச் சொன்னார். உள்ளே காரை சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. சுத்தியலால் தட்டினால்கூட அசையவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தார். சட்ட அதிகாரியும் மேனேஜரும் ஒரு பக்கம். நானும், கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்த ஃபயர்மேனும் ஒரு பக்கம். எம்.டி. வரவில்லை. டெல்லியில் கூட்டமாம்.

"பூசையன்னிக்கு இந்தப் பொட்ட வச்சது நீதானாப்பா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஃபயர்மேன் முதலில் கேள்வி தனக்குத்தானா என்று பார்த்தார்.

"நானா சார்? நான் வேதக்காரன். கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல எம்பொண்டாட்டிக்கே ஒரு பொட்டு வச்சு விட்டதில்ல. பாய்லருக்கா வைக்கப் போறேன்?"

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த மில் குமாஸ்தா பேனாவைக் கடித்துக்கொண்டார். சட்ட அதிகாரி அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு மனிதனின் பிழைப்பை முடித்துவைக்கும் அறிக்கையை எழுத உட்கார்ந்தவர், அவன் யார் என்று ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. கோடி டிகிரிக்குப் பொறுப்பேற்கத் தயாராக இருந்த நிர்வாகம் அது.

"அப்ப வச்சது யாரு?"

ஃபயர்மேன் சுவரில் இருந்த தன் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர், எத்தனையோ பேர் வந்து போகிற இடம் சார் என்று தொடங்கினார். கேண்டீன் நோட்டீஸ் போர்டில் இருந்த பூஜைப் படத்தை இரண்டு வாரம் முன்பே கழற்றியாகிவிட்டது. பலகையில் நாலு பின் துளைகள்தான் மிச்சம். ஆனால் மில் வெளியிடுகிற மாதப் பத்திரிகை விபத்துக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அதன் ஒரு பிரதி இன்ஜினியரிங் பிரிவுக்கு அனுப்பப்படவேண்டும் என்பது நடைமுறை. என் பிரதி என் பையில் இருந்தது. எடுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தேன். அட்டையில் எம்.டி. சிரித்துக்கொண்டிருந்தார், விரல் கேஜின் மேல், சிவப்புக் கோட்டின் மேல். போட்டோக்காரர் சொன்னபடியே மூஞ்சி தெளிவாக வந்திருந்தது. உள்ளே நாலு பக்கத்துக்கு இருபது வருஷத்தில் வரப்போகும் சூரியன்.

இன்ஸ்பெக்டர் படத்தையும் கேஜையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஃபயர்மேனிடம், சரி, நீ ஏன் துடைக்கவில்லை என்று கேட்டார்.

"மொதலாளி கையால வச்சது சார். மத்தவுக தொடைக்காதது வழக்கம். வேதக்காரன் நான் தொடைச்சேன்னா அதுக்கு வேற பேரு வச்சிருப்பாக."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தயாராக இருந்தேன். வால்வு பற்றிய மூன்று கடிதங்களின் கார்பன் பிரதிகளை, பச்சை மைக் குறிப்புகளோடு, தேதி வரிசையில் கொடுத்தேன். மூன்றையும் முழுதாகப் படித்தார்.

"வால்வப் பத்தி மூணு எழுதியிருக்கீக. பொட்டப் பத்தி ஒண்ணும் காணமே."

அதற்குப் பதிலாகக் கொடுக்க என் பையில் எந்தக் காகிதமும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. ஃபயர்மேன் மேல் தவறில்லை; சான்றிதழ் அவரிடமே இருக்கும். அடைத்துப்போன வால்வோடு பாய்லரை ஓட்டியதற்காக நிறுவனத்துக்கு அறிவுரை. கேஜின் முகத்தைத் தெளிவாக வைத்திருக்கத் தவறிய பொறுப்பு இன்ஜினியருக்கு, அவருக்கு எச்சரிக்கை. எச்சரிக்கை என் பதிவேட்டில் ஏறியது, கோப்பு எம்.டி. மேசையிலிருந்து இறங்கியது, சீஃப் இன்ஜினியராக வேறொருவர் வந்தார். விதிப்படி அந்த எச்சரிக்கை சரிதான். நானே இன்ஸ்பெக்டராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். பொட்டு வைத்தவரைத் தண்டிக்க எந்த விதியிலும் இடமில்லை. பச்சை மையில் எழுதியவரையும் அப்படியே. இரண்டும் ஒரே ஆள் என்பதால் சட்டம் இரண்டு முறை அவரைத் தாண்டிப் போக நேர்ந்தது. அவர் பிறகு எதிர்கால எரிசக்தி பற்றிய ஏதோ குழுவில் உறுப்பினரானார். புது வால்வு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அது எப்போதுமே ஒரு வாரத்தில் வரக்கூடியதாகத்தான் இருந்தது.

ஃபயர்மேன் நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். இடது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். பழைய இரும்புக் குவியலிலிருந்து உடைந்த கேஜ் ஒன்றை எடுத்து, பித்தளையைப் பளபளவென்று தேய்த்து, ஒரு பலகையில் திருகி, பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் முக உயரத்துக்கு மாட்டியிருந்தார். உண்மையான கேஜை மூன்றடி மேலே தூக்கி வைத்துவிட்டார்.

"அவுகளுக்கும் போட்டோவுக்கு நல்லா இருக்கும் சார்," என்றார்.

அனுமதிக் குறிப்பு ஒன்றை எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தேன்.

எம்.டி. வந்தார், சந்தனத்தை அப்பினார், சிரித்தார், படம் எடுத்தார்கள். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். எதனோடும் இணைக்கப்படாத, ஊசி பூஜ்யத்தில் செத்துக் கிடந்த கேஜுக்கு நான் ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் பொட்டு வைத்தார். இது எதை அளக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் கடைசி ஆயுத பூஜையன்றும் கேண்டீனில் பேச்சு நடந்தது. தாமதமாக வந்த ஃபயர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்காத விரல்களுக்கிடையே வடையைப் பிடித்துக்கொண்டு, மேடையைக் காட்டிக் கேட்டார்.

"இன்னும் எத்தன வருசமாம், சார்?"

"இருபது."

"அப்ப நேரங்கெடக்கு," என்றார். வடையை முடித்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு, மேலே இருந்த கேஜைத் துடைக்கப் போனார்.